குணமும் குற்றமும்

கடை வைத்திருப்போர் வாயில் இரண்டு பழமொழிகள் எப்போதும் தயாராக இருக்கும். கல்லாவில் பணம் குறைந்து, பையன் ஒருவன் பிடிபட்டுவிட்டால், "தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பார் ஒருவர். சின்ன வயதிலேயே ஊறிப்போன குணம், அவன் அப்படித்தான் என்பது அதன் கருத்து. பக்கத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பவரோ, "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்பார். யாராயிருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்பான் என்பது இதன் கருத்து. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை. முதலாவது உண்மையானால் குற்றம் மனிதனுக்குள் இருக்கிறது. இரண்டாவது உண்மையானால் குற்றம் தேன் சட்டியில் இருக்கிறது. ஆயினும் இவ்விரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளைப்பற்றி, சற்றும் கூசாமல் நாம் சொல்லி வருகிறோம்.

இது வெறும் திண்ணைப் பேச்சன்று. யாரை வேலைக்கு வைப்பது, சாவியை எவரிடம் கொடுப்பது, தவறியவனைப் போலீசில் ஒப்படைப்பதா, ஊருக்குக் கப்பலேற்றிவிடுவதா, கண்டித்து வைத்துக்கொள்வதா என்னும் முடிவுகளெல்லாம் இந்தக் கேள்வியின்மேல்தான் நிற்கின்றன. (கப்பல் போய் விமானம் வந்துவிட்டது, பேச்சில் மட்டும் கப்பல் இன்னும் ஓடுகிறது.) ஒருவனுடைய பிழைப்பும், அவனை நம்பி ஊரில் இருக்கும் குடும்பத்தின் மானமும் அந்த முடிவில் அடங்கியிருக்கின்றன. ஆதலின் மனிதனின் குணத்திற்கும் அவன் செய்யும் குற்றத்திற்கும் உள்ள உறவைப்பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைச் சிறிது நின்று பார்ப்பது வியாபாரிகளுக்கு நஷ்டமாகாது.

குற்றவாளியைப் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுகொள்ளலாம் என்று துணிந்து சொன்னவர் இத்தாலி நாட்டு மருத்துவர் செசாரே லொம்புரோசோ. 1876 இல் வெளிவந்த தமது நூலில், குற்றவாளிகளிற் பலர் பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள் என்றும், அவர்களுடைய தாடையிலும் நெற்றியிலும் காதிலும் கையின் நீளத்திலும் ஆதிமனிதனின் அடையாளங்கள் மிஞ்சி நிற்கின்றன என்றும் அவர் எழுதினார். ஐரோப்பா முழுவதும் அதைப் பேசிற்று. பின்னர் இங்கிலாந்தில் சிறை மருத்துவராயிருந்த சார்லஸ் கோரிங் என்பவர் ஏறக்குறைய 3000 கைதிகளை அங்குலம் அங்குலமாக அளந்து, சிறைக்குப் போகாதவர்களோடு ஒப்பிட்டு, அவ்வாறான தனி உடலமைப்பு ஏதும் இல்லை என்பதை 1913 இல் வெளியிட்டார். லொம்புரோசோவின் கொள்கை ஏட்டில் செத்தது. வழக்கத்தில் அது சாகவில்லை. "ஆளைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்று இன்றைக்கும் கேட்கிறோம் அல்லவா? அது லொம்புரோசோவின் குரல்தான்.

இந்த எண்ணம் சட்டமாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. லொம்புரோசோவின் நூல் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1871 இல், இந்தியாவில் பிரிட்டிஷ் சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911 இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் அது சென்னை மாகாணத்திலும் அமலாயிற்று. குறிப்பிட்ட சில சமூகங்களிற் பிறந்ததே குற்றம் என்று ஆயிற்று. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும். ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்ற மக்கள்மீது 1920 ஏப்ரலில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 இலும், இந்தியா முழுவதும் 1952 இலும் ஒழிந்தது. ஒரு பொருளையும் தொடாத குழந்தை, தாய் வயிற்றிலிருந்து வெளிவரும்போதே குற்றவாளியாக வந்தது என்பதை எண்ணிப்பார்த்தால் உடல் நடுங்கவில்லையா? நம்மவரிற் பலருடைய பாட்டன்மார் கப்பலேறி வந்த சீமைகளுக்கு அடுத்த சீமையில் நடந்த கதை இது. ஆனால் நாமும், "அந்த ஊர்ப் பையன் வேண்டாம், அவர்களை நம்ப முடியாது" என்று சொல்லி வேலை தேடி வருபவனைத் திருப்பியனுப்பும்போது, சட்டம் இல்லாமலே அதே காரியத்தைச் செய்கிறோம்.

நிற்க. முகத்தையும் குலத்தையும் விட்டுவிட்டுக் குணத்தையே அளக்க முற்பட்டவர்கள் உண்டு. மனோதத்துவ அறிஞர் ஐசெங்க் 1964 இல் எழுதிய நூலில், வெளிநோக்கும் துடிப்பும் மிகுந்தவர்கள், எளிதில் கலங்கும் மனமுள்ளவர்கள் ஆகியோருக்குத் தண்டனையின் பாடம் சீக்கிரம் மனத்திற் பதிவதில்லை என்றும், ஆதலால் அவர்கள் குற்றத்தின் பக்கம் சாய்வது அதிகம் என்றும் வாதித்தார். அவருக்குப் பின் வந்தோர் அதை முழுதும் ஒப்பவில்லை. இப்போது பலரும் ஒப்புவது வேறு: பிறரோடு இணங்கிப்போகாத தன்மை, பொறுப்பின்மை, நினைத்ததை நினைத்தவுடனே செய்துவிடும் அவசரம் ஆகிய மூன்றும் குற்றத்தோடு சேர்ந்தே காணப்படுகின்றன. இவற்றோடு இன்னொன்றையும் கனடாவைச் சேர்ந்த ஆஷ்டன், லீ என்னும் இரு பேராசிரியர்கள் சேர்த்தார்கள். நேர்மையையும் பணிவையும் அவர்கள் ஒரே குணமாகக் கொள்கிறார்கள். பெருமையடித்துக்கொள்பவனும் பேராசைக்காரனும் ஏய்ப்பவனும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்கிறான் என்பது அதன் மறுபக்கம். நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவர் எவரும் இதற்குத் தலையசைப்பார்.

ஆகவே குணத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடர்பு உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. நியூசிலாந்தில் டுனெடின் என்னும் நகரில் 1972, 73 இல் பிறந்த 1037 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் விடாது தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார்கள். முதற் பத்தாண்டுகளில் குழந்தையின் தன்னடக்கம் எப்படி என்று பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டுக் குறித்து வைத்தார்கள். அவர்களுக்கு 32 வயதானபோது பதிவேடுகளைப் புரட்டினார்கள். தன்னடக்கத்தில் மிகக் கீழே இருந்த ஐந்திலொரு பங்கினரில் நூற்றுக்கு 43 பேர் ஏதேனும் ஒரு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தனர். மிக மேலே இருந்த ஐந்திலொரு பங்கினரில் நூற்றுக்கு 13 பேர். இது 2011 இல் வெளியாயிற்று.

இந்தக் கணக்கை வியாபாரியின் கண்ணால் பார்க்க வேண்டும். 43 எங்கே, 13 எங்கே! மும்மடங்குக்கு மேல். குணம் பேசுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் படியுங்கள். தன்னடக்கம் மிகக் குறைந்த நூறு பேரில் 57 பேர் ஒரு தண்டனையும் பெறாதவர்கள். "துடுக்கன், நிலையில்லாதவன்" என்று அந்த நூறு பேரையும் நாம் வாசலிலேயே திருப்பியனுப்பியிருந்தால், 43 பேரைத் தவிர்ப்பதற்காக 57 பேருக்கு அநியாயம் செய்திருப்போம். சாந்தமானவர்கள் என்று பொறுக்கியெடுத்த நூறு பேரிலோ 13 பேர் நம் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியிருப்பார்கள். நூறு மூட்டை அரிசியில் நாற்பத்து மூன்று கெட்டது என்றால் நாம் மொத்தத்தையும் திருப்பியனுப்புவோம்; மூட்டைக்கு மனக்குறை இல்லை. மனிதனை அப்படிச் செய்ய நமக்கு உரிமை உண்டா?

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குற்றம் பதின்ம வயதின் கடைசியில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குகிறது என்பது பல தேசங்களிலும் கண்ட செய்தி. அதே டுனெடின் ஆராய்ச்சியைச் சேர்ந்த டெரி மாஃபிட் என்னும் அம்மையார் 1993 இல் இதை விளக்கினார். சிறு பிராயம் முதல் முதுமைவரை வம்பிலேயே இருப்பவர்கள் சிலர். வாலிபத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து தவறி, வேலையும் குடும்பமும் வந்ததும் தாமாக விலகிக்கொள்பவர்கள் மிகப் பலர். பதினெட்டு வயதுப் பையன் ஐம்பது வெள்ளியை எடுத்துவிட்டான் என்றால், அவன் இந்த இரண்டில் எந்த வகை என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவன் கையில் விலங்கு ஏறினால் அவனுக்கு வேலை கிடைப்பது அருமையாகிவிடும் என்பது மட்டும் தெரியும்.

இதுவரை சொன்னது தெருக் குற்றங்களுக்குப் பொருந்தும். வியாபாரிகளை அதிகம் நஷ்டப்படுத்துவது தெருத் திருடன் அல்லன். நம்பிக் கொடுத்த பொறுப்பில் கைவைப்பவனே நம் பெரிய பயம். நாம் அமானிதம் என்று சொல்லும் அதே காரியத்தைத்தான் அமெரிக்க அறிஞர் டொனால்டு கிரெஸ்ஸி எடுத்து ஆராய்ந்தார். நல்லெண்ணத்தோடு ஒரு பொறுப்பை ஏற்றுப் பின்னர் அதில் மோசம் செய்து சிறை சென்றவர்களை மட்டும் தேடிப் பேட்டி கண்டார். திருடுவதற்கென்றே வேலைக்குச் சேர்ந்தவர்களை ஒதுக்கிவிட்டார். அவர் கண்டதை 1953 இல் நூலாக வெளியிட்டார். அதில் பிறவிக் குணம் என்ற பேச்சே முதன்மையாக இல்லை. மூன்று சங்கதிகள் ஒன்றுகூடின. வெளியே யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பணக் கஷ்டம். தன் பொறுப்பில் உள்ள பணத்தால் அதை இரகசியமாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற அறிவு. "திருடவில்லை, கடனாகத்தான் எடுக்கிறேன், அடுத்த மாதம் வைத்துவிடுவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானம்.

இந்த மூன்றாவதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவன் தன்னைக் கள்வனாக எண்ணவில்லை. நாணயஸ்தனாகவே எண்ணிக்கொண்டு எடுக்கிறான். தன்னைப்பற்றிய அந்த நல்ல எண்ணம் இல்லாதிருந்தால் அவனுக்குச் சமாதானமே தேவைப்பட்டிராது.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 2006 இல் ஜெர்மனியில் பொருளாதாரக் குற்றங்களுக்காகச் சிறையிலிருந்த 76 பேரையும், பதவியிலிருந்த 150 நிர்வாகிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கைதிகளிடம் தன்னடக்கம் குறைவாகவும், சுகபோக ஆசையும் தற்பெருமையும் அதிகமாகவும் இருந்தன. அது எதிர்பார்த்ததே. ஆனால் கடமையில் கருத்து, ஒழுங்கு, உழைப்பு ஆகியவற்றில் அவர்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர், மேலாகவே இருந்தனர். தெருக் குற்றவாளியிடம் இல்லாத குணம் கணக்கு மோசடிக்காரனிடம் நிறைய இருக்கிறது! முதலில் வந்து கடைசியில் போகிறவன், ஒரு நாளும் விடுமுறை கேட்காதவன், பேரேட்டை இன்னொருவர் கையில் கொடுக்க மனமில்லாதவன் ஆகியோரை நாம் தங்கம் என்று மெச்சுகிறோம். அவர்களிற் பெரும்பாலோர் உண்மையில் தங்கமே. ஆயினும் கணக்குத் தணிக்கையாளர்கள் விடுமுறை எடுக்காத கணக்கரைக் கண்டால் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதன் காரணம் இதுதான். அவர் இரண்டு வாரம் இல்லாதபோது இன்னொருவர் அதே ஏட்டை எழுதினால், மறைந்திருப்பது வெளியே வந்துவிடும்.

சிங்கப்பூரில் நடந்த ஒன்றை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1762 இல் தோன்றிய பேரிங்ஸ் என்னும் ஆங்கில வங்கி 1995 இல் கவிழ்ந்தது. நிக் லீசன் என்னும் 28 வயது இளைஞர் இங்கிருந்தபடி செய்த வாணிபத்தில் 82 கோடியே 70 இலட்சம் பவுன் போய்விட்டது. 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் நஷ்டங்களை 1992 முதல் மறைத்து வந்தார். வாங்குவதும் விற்பதும் அவர் பொறுப்பு. அதைக் கணக்கில் பதிந்து சரிபார்ப்பதும் அவர் பொறுப்பு. வாசலிலும் அவரே, கொல்லையிலும் அவரே. நீதிமன்றம் அவருக்கு ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவருடைய குணத்தைப்பற்றி எத்தனையோ எழுதினார்கள். குணம் எதுவாயினும், இரண்டு சாவியையும் ஒரே ஆளிடம் கொடுத்தவர்கள் லண்டனில் இருந்த மேலதிகாரிகள்.

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் குற்றவாளிமேல் குற்றமே இல்லையா? குணம் அவன் கேட்டு வாங்கியதன்று. சந்தர்ப்பம் முதலாளி கொடுத்தது. பிறகு அவனை ஏன் தண்டிப்பது? இப்படிப் பேசுவோரும் உண்டு. எனக்கு இது ஒப்பவில்லை. அதே இடத்தில், அதே கஷ்டத்தோடு, அதே அவசரக் குணத்தோடு இருந்தவர்களில் பலர் எடுக்கவில்லை. டுனெடினின் அந்த 57 பேரை மறந்துவிடக் கூடாது. குணம் தள்ளுகிறது, கழுத்தைப் பிடித்து நடத்துவதில்லை. குணத்தைக் காட்டிக் கள்வனை விடுவித்தால், குணத்தைக் காட்டியே நாணயஸ்தனுடைய பெருமையையும் பறிக்க வேண்டியிருக்கும். அவன் நல்லவனாகப் பிறந்தான், அவ்வளவுதான், அவனை மெச்ச என்ன இருக்கிறது என்றாகிவிடும். பசித்த வீட்டை நினைத்துக்கொண்டு, எண்ணப்படாத பணத்தை எண்ணிக் கட்டி முதலாளியிடம் வைக்கும் பையனுக்கு நாம் அந்த அநீதியைச் செய்யலாமா?

ஆனால் அவன் குற்றம் அவனுடையது என்பதால் நம் பங்கு இல்லாமற் போகாது. நாணயம் என்பது ஒரே கட்டியான பொருளன்று. அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்னும் இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப்பிள்ளைகளைச் சோதித்து 1928 இல் வெளியிட்டார்கள். பரீட்சையில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் ஏமாற்றவில்லை. விளையாட்டில் ஏமாற்றியது காசைத் தொடவில்லை. இடத்துக்கு இடம் நாணயம் மாறிற்று. பெரியவர்களுக்கும் இது பொருந்தாதா? தன் கல்லாவில் தானே அமர்ந்திருப்பவர் அந்தக் கல்லாவில் திருட முடியாது. அவருடைய நாணயம் சோதிக்கப்படும் இடங்கள் வேறு: தராசு, வரிக் கணக்கு, பங்காளிக்குக் காட்டும் ஐந்தொகை, சிப்பந்தியின் சம்பளத் தேதி. கனவான்கள் தொழிலின் மறைவில் செய்யும் குற்றங்களைக் குற்றவியலார் பாராமல் விடுகிறார்கள் என்று எட்வின் சதர்லண்ட் 1939 இல் அறிஞர் சபையில் எடுத்துச் சொன்னார். கிரெஸ்ஸி அவருடைய மாணவர். கடைப்பையனுடைய குணத்தைப்பற்றி நாம் பேசும் பேச்சில் பாதியாவது இந்த இடங்களைப்பற்றிப் பேசினால் நலம்.

கிரெஸ்ஸி சொன்ன மூன்றில் முதலாமவதே நம் கடைகளுக்கு மிக நெருக்கமானது என்று நினைக்கிறேன்: சொல்ல முடியாத கஷ்டம். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு இங்கே வந்தவன். ஊரில் தங்கைக்குக் கலியாணம். அல்லது வெட்கத்துக்குரிய சூதாட்டக் கடன். இதை அவன் யாரிடம் சொல்லுவான்? முதலாளியிடம் சொன்னால், "கடனாளியைக் கல்லாவில் வைக்கக் கூடாது" என்று மறுநாளே வேலை போய்விடும் என்று அவன் அஞ்சுகிறான். அந்த அச்சம் பல கடைகளில் நியாயமானதே. முதலாளி கண்டிப்பானவர் என்று பேரெடுத்திருப்பதாலேயே அவன் வாயடைத்துப் போகிறான். வாய் மூடியதும் கை நீளுகிறது. முன்பணம் கேட்க ஒரு வழி, அது எவ்வளவு வரை, எப்படிப் பிடித்துக்கொள்ளப்படும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஒழுங்கு இருந்தால், அந்தக் கஷ்டம் சொல்லக்கூடிய கஷ்டமாகிவிடும்.

கணக்குப் பார்ப்பது அவநம்பிக்கை என்று சிலர் கூசுகிறார்கள். "நம்ம ஊர்ப் பிள்ளை, நம் மச்சான் மகன், அவனிடம் போய்ச் சிட்டை கேட்பதா?" என்கிறார்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், கடனை எழுதி வைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதை இவர்களுக்கு ஞாபகப்படுத்தினால் போதும். மாலையில் இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடும் வழக்கம் பையனைச் சந்தேகிப்பதன்று. பத்து வெள்ளி குறையும்போது குற்றமற்றவனுக்கு அதுவே சாட்சி. ஏடு இல்லாத கடையில் பணம் குறைந்தால், எவன் முகம் பிடிக்கவில்லையோ அவனே கள்வன். அங்கே லொம்புரோசோ மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

கடைசியாக, சிறை சென்று மீண்டவனைப்பற்றி. சிங்கப்பூரில் 2004 இல் தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம் இத்தகையோருக்கு வேலை கொடுக்கும்படி முதலாளிமாரைக் கேட்டு வருகிறது. சில சிறு குற்றங்களைப் பொறுத்தவரை, ஐந்து ஆண்டுகள் மறுபடியும் தவறாமலிருந்தவனுடைய பதிவைக் காலாவதியானதாகவே அங்குச் சட்டம் கொள்கிறது. சட்டமே இவ்வளவு இறங்கி வரும்போது நாம் எவ்வளவு இறங்கலாம்? எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லவில்லை. சிறைக்குள்ளும் சிலர் உண்டு; இனிமையாகப் பேசி, இரக்கமே இல்லாமல் ஏய்த்துக்கொண்டே போவார்கள். அவர்கள் கைதிகளிலும் சிறுபான்மையினர். மற்றவர்களைப்பற்றிக் கேட்க வேண்டியது, அவன் எதற்காகப் போனான், அப்போது வயது என்ன, வந்தபின் எத்தனை நாள் ஒரே இடத்தில் வேலை செய்தான் என்பவையே. பத்தொன்பது வயதில் தெருச் சண்டையில் உள்ளே போனவனுக்கு இருபத்தெட்டு வயதில் கல்லாவைக் கொடுக்க நான் தயங்க மாட்டேன். கணக்கில் கைவைத்தவனுக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் சரக்கறைச் சாவி போதும். கல்லாவில் இருவர் எண்ணும் கடையாயிருந்தால் அவனையும் அந்த இருவரில் ஒருவனாக வைத்துப் பார்க்கலாம்.